குற்றவாளி பூனையா?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலோரப் புகையிரதப் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றிலே, தொடர்மாடி வீடொன்றின் மூன்றாம் மாடியில் என் தமக்கையின் குடும்பம் வாழ்கிறது. காலாற நடக்க முற்றமில்லை. கண்ணாரக் காண மரமில்லை. அந்த வீட்டின் ஒரே மகளுக்கு, அவளது பிறந்தநாளன்று, பச்சை ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு ‘லவ் பேர்ட்ஸ்’ வாங்கிக் கொடுத்தவன் நான். அவ்வீட்டிலே முன்னரே ஒரு பூனை இருந்தது. மழைநாளொன்றில் படிக்கட்டில் நனைந்து கிடந்து கத்திய குட்டியைச் சிறுமியே தூக்கிவந்து வளர்த்திருந்தாள். “பூனைக்கு நேரம் தவறாமல் மீனும் சோறும் கிடைக்கிறது, அது ஏன் பறவையைத் தொடப் போகிறது?” என்று தமக்கைக்குச் சமாதானம் கூறியவனும் நானே.

ஒரு நாள் காலை, கூட்டைக் கழுவுவதற்காகத் தரையில் இறக்கி வைத்தார்கள். தண்ணீர் எடுத்துவரும் நேரத்துக்குள் பூனையின் நகம் கம்பிகளுக்கிடையே புகுந்துவிட்டது. நீலப் பறவையின் சிறகடியில் ஒரு சிறு கீறல். இரத்தம்கூடப் பெரிதாக இல்லை. மறுநாள் அது இறந்து கிடந்தது. மற்றப் பறவை தீனியைத் தொடாமல் கூட்டின் மூலையில் ஒடுங்கியிருந்தது. அத்தான் துடைப்பத்தால் பூனையை அடித்து, அதைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதென முடிவு செய்தார். அப்போதுதான் சிறுமி என்னிடம் கேட்டாள்: “மாமா, பூனை செய்தது பிழையோ? பிழையில்லையெண்டால், அப்பா ஏன் அதை அடிச்சவர்?”

சிறுபிள்ளையின் கேள்விதான். ஆயினும் அறநூல்கள் அனைத்தும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் அதுவேயன்றோ?

பிழை என்பது எப்போது பிழையாகிறது? வேறு விதமாக நடக்கக் கூடியவன் அப்படி நடவாதபோதுதான். பூனைக்கு அந்த வேறு வழி இல்லை. அது இறைச்சி உண்டே உயிர்வாழ வேண்டிய பிராணி. கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டோரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்வதில்லை. பிற உயிரின் தசையிலிருந்தே பெறவேண்டும். வயிறு நிறைந்திருந்தாலும் அதன் வேட்டையுணர்வு அடங்குவதில்லை. படபடக்கும் ஒரு சிறகு கண்ணில் பட்டதும் அவ்வுணர்வு விழித்துக்கொள்கிறது. அதன் வாயிலும் உமிழ்நீரிலும் இயல்பாகவே வாழும் கிருமிகள், பல்லினால் மட்டுமன்றி, நக்கிய நகத்தின் வழியாகவும் சிறு பறவையின் இரத்தத்தில் கலந்து அதைக் கொல்ல வல்லவை. கீறல் சிறிதென்று காத்திராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும் என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். இவற்றுள் எதையும் பூனை தேர்ந்தெடுக்கவில்லை. மீனும் சோறும் பற்றிய என் வாதம் அறியாமையின் வாதம்.

இன்னொன்றையும் நோக்குங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய சோனகத் தெருப் பக்கம் நடந்து சென்றால், அரிசி மூடைகளின் மேல் பூனை படுத்திருக்கும் மொத்த வியாபாரக் கடைகளைக் காணலாம். அங்கே பூனை ஓர் ஊழியன். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், அதைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதனுக்கு அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளை ஆய்வாளர் கண்டெடுத்துள்ளனர். அத்தனை பழைய உறவு இது. அந்த உறவை உண்டாக்கியது எந்த நகமோ, அதே நகந்தான் நீலப் பறவையையும் கீறியது. எலியைப் பிடித்தால் கெட்டிக்காரி, பறவையைப் பிடித்தால் கொலைகாரி! எலியும் உயிர்தானே? நம் உடைமையைக் காத்தால் நன்மை, நம் உடைமையை அழித்தால் தீமை என்ற கணக்கையே நாம் பல வேளைகளில் அறம் என்று அழைத்துக்கொள்கிறோம். அது அறமன்று, உடைமையாளனின் கணக்கு.

அவ்வாறாயின் குற்றம் யாருடையது? இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தவர்களுடையது. முதலில் என்னுடையது. நான் வாங்கிய பறவையின் மூதாதையர் அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் நீரைத் தேடிப் பெருங்கூட்டமாய்ப் பறந்து திரிந்தவர்கள். 1840இல் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் அவை உலகெங்கும் கூடுகளில் பெருகி விற்பனைப் பண்டமாயின. வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளையிலே இன்றுள்ள மிருகக்காட்சிச்சாலையும், ஹாகன்பெக் என்ற ஜேர்மனிய மிருக வியாபாரி வைத்திருந்த சேகரிப்பில் தொடங்கி, 1936இல் அரசின் கைக்கு வந்ததே. உயிரைப் பண்டமாக்கும் சந்தையில், விலை கொடுத்தவன் தன் பொறுப்பும் அத்துடன் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறான். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

“இரண்டையும் ஒரே மாதிரித்தானே நேசித்தோம்!” என்று தமக்கை அழுதாள். அன்பில் குறையில்லை. ஆனால் நகமுள்ளதற்கும் நகமில்லாததற்கும் ஒரே அறையில் ஒரே சுதந்திரம் வழங்குவது சமத்துவமாகாது. பலமற்றதன் பங்கை பலமுள்ளதிடம் ஒப்படைப்பதே அது. கூடு இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கூட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சுறுத்துவது வெளியே உலாவுகிறது. அஞ்சுவது உள்ளே அடைபட்டிருக்கிறது. கம்பி நகத்தைத் தடுக்கலாம், பார்வையைத் தடுக்குமா? நாள் முழுதும் கூட்டின் கீழே அசையாமல் அமர்ந்து அண்ணாந்து பார்க்கும் இரு கண்களுக்கு எதிரே வாழ்வது பாதுகாப்பான வாழ்வாகுமா?

“கூட்டைத் திறந்துவிடு” என்று முழங்குவது எளிது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பிறந்த அப்பறவை, கொழும்புக் காகங்களிடையே ஒரு நாள் பிழைப்பதும் அரிது. நெடுங்காலம் அடைத்து வைத்துவிட்டு, திடீரென்று கதவைத் திறந்து, இனி உன் பாடு என்பது விடுதலையன்று, கைகழுவல்.

இந்த இடத்தில் வாசகர் வேறொன்றை நினைக்கக்கூடும். அதை நானே சொல்லிவிடுகிறேன். 1958இலும் 1983இலும் இந்த நகரத்திலே தமிழர் வீடுகள் எரிந்தன. 1983 யூலையில் உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் அடைபட்டுக் கிடந்தனர். பலர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அப்போது பூனையும் பறவையும் கதையைச் சொல்லி, ‘அது அவர்களின் இயல்பு’ என்றவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ‘மக்களின் இயல்பான கோபம்’ என்று சாக்குச் சொன்னவர்கள் மறுபுறத்தில் இருந்தார்கள். இரண்டும் ஒரே பொய்யின் இரு முகங்கள். எந்தப் பூனையும் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுவதில்லை. எந்தப் பூனையும் தன் உயிரைப் பணயம் வைத்துப் பறவையைத் தன் அறைக்குள் ஒளித்து வைப்பதுமில்லை. அந்நாட்களில் எத்தனையோ சிங்கள அயலவர் அதைச் செய்தார்கள். மனிதனுக்கு வேறு வழி உண்டு என்பதற்கு அவர்களே சாட்சி. ஆகவே, பூனைக்கு நாம் அளிக்கும் மன்னிப்பை ஏவியவனுக்கும் எரித்தவனுக்கும் அளிக்க முடியாது. இயல்பு என்ற சொல்லை மனிதனின் கொடுமைக்குப் போர்வையாக்குவது, பூனைக்கே இழைக்கும் அவமானமாகும்.

நம் பழைய இலக்கியத்தில் ஒரு கதை உண்டு. பருந்துக்குத் தப்பி வந்த புறாவுக்காகத் துலையேறிய செம்பியன் கதை. புறநானூறும் சிலப்பதிகாரமும் அதை நினைவுகூர்கின்றன. அக்கதையில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அரசன் பருந்தைத் தண்டிக்கவில்லை. அதன் பசியும் உண்மை என்று ஒப்புக்கொண்டான். புறாவின் அச்சமும் உண்மை என்று கண்டான். இரண்டுக்கும் நடுவே இருந்த விலையைத் தன் தசையிலிருந்தே கொடுக்க முன்வந்தான். அதிகாரம் யாரிடம் உண்டோ, செலவும் அவனுடையதே என்பதுதான் அக்கதையின் சாரம்.

எங்களிடம் யாரும் தசையைக் கேட்கவில்லை. தாழிடக்கூடிய ஓர் அறையைத்தான் நிலைமை கேட்டது. அத்தான் தம் எழுதும் அறையைக் கொடுத்தார். அவருடைய மேசை இப்போது கூடத்தின் மூலையில் கிடக்கிறது. கதவு அடைத்த அந்த அறையில் பச்சைப் பறவை கூட்டைவிட்டு வெளியே வந்து சுவருக்குச் சுவர் பறக்கிறது. சில வாரங்களின் பின், பறவைகள் பல வளர்க்கும், பூனையில்லாத கொட்டாஞ்சேனை வீடொன்றுக்கு அதைக் கொடுத்துவிடப் போகிறோம். கூட்டமாய் வாழும் பறவையைத் தனியே வைத்திருப்பதும் கொடுமையே என்று சிறுமிதான் முடிவு செய்தாள். பூனை சந்தைக்குப் போகவில்லை.

அவளுடைய கேள்விக்கு நான் இவ்வாறு விடை கூறினேன்: “பிழை பூனையினுடையது இல்லை, பிள்ளை. பிழை என்னுடையது.” அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்ப அப்பா உங்களுக்கல்லோ அடிச்சிருக்க வேணும்!” என்றாள். அவள் சொன்னதில் நியாயமிருந்தது.