எண்ணம் ஓரிடம், செயல் ஓரிடம்

வகுப்பறையிலிருந்து ஒரு கல்வி மாவட்டத்தின் தலைமைக்கு உயரும் ஆசிரியருக்கு அதிகாரம் கிடைக்கிறது. கூடவே அவர் ஒன்றை இழக்கிறார். அதைப் பற்றிய பேச்சு குறைவு. கரும்பலகைக்கு முன் நின்றபோது, கணக்குப் புரியாமல் விழித்த ஒரு குழந்தையின் முகமே அவரைத் திருத்தியது. அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லும் முறையை மாற்றினார். அலுவலக மேசைக்கு வந்தபின் அந்த முகம் எதிரில் இல்லை. சுற்றறிக்கை தவறாக இருந்தாலும், எழுதியவருக்கு அது உடனே தெரிவதில்லை. ஆனால் முன்பு நாற்பது பேருக்காக யோசித்தவர் இப்போது பல்லாயிரம் பேருக்காக யோசிக்க வேண்டும். ஒருவர் எண்ண, வேறொருவர் அதைச் செய்து முடிப்பது கல்வியில் இயலுமா? நிர்வாகச் சிக்கல்போல் தோன்றும் இந்தக் கேள்வியின் வேர், அறிவு எப்படி உண்டாகிறது என்னும் மெய்யியல் கேள்வியில் இருக்கிறது.

இதை வாழ்ந்தும் எழுதியும் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த எல்லா ஃபிளாக் யங் (1845–1918). 1862-ல் அந்நகரப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார், தலைமையாசிரியரானார், 1887-ல் உதவிக் கண்காணிப்பாளரானார். அமெரிக்கப் பள்ளி மாவட்டம், தமிழ்நாட்டின் கல்வி மாவட்டம்போல அரசுத் துறையின் ஒரு பிரிவு அன்று. தனக்கென ஒரு கல்வி வாரியம் உடையது. வாரியம் அமர்த்தும் கண்காணிப்பாளரே அதன் தலைமை அலுவலர். மேலிருந்த கண்காணிப்பாளரின் போக்கு ஒவ்வாததால் 1899-ல் யங் பதவியைத் துறந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் ஜான் டூயியிடம் ஆய்வு செய்து, 1900-ல், ஐம்பத்தைந்து வயதில், முனைவர் பட்டம் பெற்றார். டூயியும் அவரிடம் கற்றார். பள்ளி குறித்துத் தம் எண்ணங்கள் பலவற்றுக்கு யங்கிடம் கடன்பட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை.

பள்ளியில் நிலவும் தனிமைப்பாடுதான் யங்கின் ஆய்வேட்டுப் பொருள். தனிமைப்பாடு என்பதை அவர் மனவருத்தம் என்ற பொருளில் கொள்ளவில்லை. ஒரு முழுமையின் பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தன் போக்கில் இயங்கும் நிலையே அது. பள்ளிகள் பெருகப் பெருக, மேலே திட்டமிடுவோர், நடுவே மேற்பார்ப்போர், கீழே நிறைவேற்றுவோர் என்று அடுக்குகள் உண்டாயின. ஆசிரியர் பிறர் எண்ணத்தை நிறைவேற்றும் கருவியானார். இதை ஆசிரியரின் கௌரவப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. யங்கின் வாதம் அதைவிட ஆழமானது.

அதன் அடித்தளமான டூயியின் மெய்யியலில் எண்ணமும் செயலும் இரண்டு அறைகளில் நடப்பவை அல்ல. செயலில் தடை நேரும்போது எண்ணம் பிறக்கிறது. மீண்டும் செயலில் இறங்கிச் சரிபார்க்கப்படும்போதுதான் அது அறிவாகிறது. இதை ஏற்றால் இரண்டு முடிவுகள் வந்து சேரும். ஒன்று, செய்வதற்கு மட்டும் பணிக்கப்பட்ட ஆசிரியரின் சிந்தனை வாடும்; தானே சிந்திக்க உரிமையில்லாதவரிடம் பயிலும் குழந்தை சிந்திக்கக் கற்காது. மற்றொன்று, எண்ணுவதற்கு மட்டும் அமர்ந்திருப்பவரின் எண்ணமும், சரிபார்ப்பே இல்லாததால், அறிவாக முதிராது. இந்த இரண்டாவது முடிவுதான் புதிதாகத் தலைமை ஏற்பவரைச் சுடவேண்டியது. கீழே உள்ளவர்களின் குரலைக் கேட்பது அவர் காட்டும் பெருந்தன்மை ஆகாது. கேட்காவிட்டால், தம் எண்ணம் சரியா என்று அவருக்கே தெரிவதற்கு வழியில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தத்தம் போக்கில் எண்ணினால், ஒரு தெருவின் குழந்தைக்குக் கிடைப்பது அடுத்த தெருவின் குழந்தைக்குக் கிடைக்காது. ஏழைப் பகுதிப் பள்ளியைக் காப்பது பெரும்பாலும் மேலிருந்து வரும் பொது விதிதான். தவறு நேர்ந்தால் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும் என்பதிலிருந்து, சிந்தனையும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பது பெறப்படவில்லை. முடிவுக்குக் கையொப்பம் இடுபவர் ஒருவராக இருக்கலாம். அந்த முடிவுக்கான காரணம் வகுப்பறையை நேரில் அறிந்தவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் அவை என்பது யங் கண்ட நடைமுறை வழி. ஆசிரியர்கள் கூடிப் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் விவாதித்து, தங்கள் கருத்தை மேலே அனுப்பும் மன்றம் அது. 1909-ல் சிகாகோ வாரியம் அவரையே கண்காணிப்பாளராக்கியது. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். நகரின் மக்கள்தொகை அப்போது 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆய்வேட்டில் எழுதியதை அதே பள்ளிகளில் செய்து காட்டும் வாய்ப்பு மெய்யியலில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது! ஆசிரியர் அவைகளுக்கு அவர் ஊக்கம் தந்தார். ஆசிரியர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே கருதினர். 1913 டிசம்பரில் வாரியம் அவரை விலக்கி வேறொருவரைத் தேர்ந்தபோது நகரமே கொதித்தது; மேயர் தலையிட்டு வாரிய உறுப்பினர் சிலரை மாற்றிய பின் யங் மீண்டும் பதவியேற்றார். 1915-ல் ஓய்வு பெற்றார்.

அவர் விட்டுச் சென்ற ஏற்பாட்டில் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. அவைகள் கூடியது தலைவரின் நம்பிக்கையால்தான். 1924-ல் கண்காணிப்பாளராக வந்த வில்லியம் மெக்ஆண்ட்ரூ, பள்ளி நேரத்தில் அவை கூடும் வழக்கத்தை நிறுத்தினார். அதற்கும் கண்காணிப்பாளரின் அதிகாரமே போதுமானதாக இருந்தது. சிந்திக்கும் உரிமை மேலிருப்பவர் அளிக்கும் கொடையாக இருக்கும்வரை, எண்ணமும் செயலும் சேர்ந்துவிட்டன என்று யங்கின் கொள்கைப்படியே சொல்ல இயலாது. தலைவர் மாறினாலும் மாறாத உரிமையாக அதை எந்த விதியில், யாருடைய கையால் எழுதுவது என்பதற்கு அவருடைய ஆய்வேட்டில் விடை இல்லை.