எந்த ஆண்டின் பழமை?

செல்வச் சீமான்கள் சிறுபந்தைக் கோல்கொண்டு அடித்து, குழியில் தள்ளி மகிழும் விளையாட்டு கோல்ப். ஏர் பிடிப்பவனுக்கும் தறி நெய்பவனுக்கும் அதிலே என்ன அக்கறை? பகுத்தறிவு பேசும் ஏட்டிலே அதற்கு என்ன இடம்? தோழர்கள் கேட்கக்கூடும், கேட்பது முறையே. ஆனால், அவ்விளையாட்டுத் திடல் ஒன்றை முன்னிட்டு எழுந்த வினா, நம் வீட்டுத் திண்ணையிலும் ஊர் மன்றத்திலும் நாம் நாளும் எதிர்கொள்ளும் வினாவாகவே இருக்கிறது. ‘முன்பிருந்தபடியே ஆக்குவோம்’ என்கிறார்களே, அந்த முன்பு எது? அதைத் தேர்ந்தவர் யார்? எதன் பொருட்டுத் தேர்ந்தார்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே பைன்ஹர்ஸ்ட் என்றோர் ஊர். மரம் வெட்டியும் பிசின் வடித்தும் காட்டை மொட்டையடித்த வணிகர்கள் கைவிட்டுப் போன மணற்பூமி அது. பாஸ்டன் நகரச் செல்வர் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் 1895இல் அதை வாங்கி, வடபுலத்தார் குளிர்காலத்திலே வந்து தங்கும் ஊராக அமைத்தார். 1900இல் அங்கே வந்து சேர்ந்தார் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்து நாட்டு டார்னாக் ஊரினர். தச்சுத் தொழில் பழகிய கையினர். அவர் வகுத்த திடல்களுள் புகழ் மிக்கது ‘இரண்டாம் எண்’ திடல். 18 குழிகளுடன் 1907இல் அது ஆட்டத்துக்குத் திறக்கப்பட்டது.

மணல், அம்மணலிலே தானே முளைக்கும் கம்பிப்புல், ஊசியிலைப் பைன் மரங்கள்: இயற்கை அங்கே தந்தது அவ்வளவே. ராஸ் அவற்றையே கருவியாக்கிக் கொண்டார். வழி தவறிய பந்து மணலிலே கிடக்கும். அல்லது கம்பிப்புல் தூரிலே சிக்கிக்கொள்ளும். துணிந்து குழியை நோக்கி அடிப்பதா, பணிந்து பக்கவாட்டிலே தள்ளுவதா? ஆடுபவன் நின்று சிந்தித்தாக வேண்டும். தோளின் வலிமையை மட்டும் நம்பி வந்தவனை அத்திடல் தலைகுனிய வைத்தது.

1948இல் ராஸ் மறைந்தார். பிறகு பிடித்தது பச்சை மோகம். வேலி முதல் வேலி வரை பசுமை தெரிந்தால்தான் திடல் என்ற எண்ணம் பரவிற்று. தொலைக்காட்சி அதற்குத் தூபமிட்டது. பெர்மூடாப் புல் நம் ஊர் அறுகின் இனம். இங்கே பிள்ளையார் தலையில் ஏறி அமர்ந்திருக்கும் அது, அங்கே ராஸின் மணல்மீது ஏறி அமர்ந்தது! நீர்தெளிப்பான்கள் பெருகின. ஆட்டப் பாதைகள் குறுகின. இருமருங்கும் அடர்புல் வளர்ந்து, பந்து எங்கே விழுந்தாலும் ஒரே தண்டனை, ஒரே விடை என்றாயிற்று. சிந்திக்க வைத்த திடல், சொன்னதைச் செய்யச் சொல்லும் திடலாகிவிட்டது.

2010இல் பில் கூர், பென் கிரென்ஷா எனும் இருவரிடம் அதை மீட்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பணி முடிந்தது. அவர்கள் கனவு கண்டு வரைந்தார்களில்லை; சான்று தேடினார்கள். 1943இல் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் கிடைத்தன. மண்ணுக்கடியிலே பழைய நீர்க்குழாய் ஒற்றை வரிசையாகக் கிடந்தது. ராஸ் காலத்து ஆட்டப் பாதையின் நடுக்கோடு எது என்பதை அது காட்டிற்று. ஏறத்தாழ 35 ஏக்கர் புல்தரை உரித்தெடுக்கப்பட்டது. 1,150 அளவிலிருந்த நீர்தெளிப்பான்கள் 450 அளவுக்குக் குறைந்தன. மணல் மீண்டும் வெளியே வந்தது, கம்பிப்புல் நடப்பட்டது.

இங்கேதான் நம் வினா. மீட்டது எந்தப் பழமையை?

1907ஆம் ஆண்டுத் திடலையா? அன்று குழியைச் சுற்றியிருந்த ஆடுதளம் புல்லால் ஆனதன்று; இறுக்கிய மணல்! அங்கே புல் வந்தது 1930களின் நடுவில்தான். ஆதியே மேலானது என்பார் கொள்கையின்படி, மணல் தளத்தையன்றோ மீட்டிருக்க வேண்டும்? மீட்கவில்லை, மீட்கச் சொல்வாரும் இல்லை. ராஸே அத்திடலை வகுத்துவிட்டுக் கைகட்டி நின்றவரல்லர். மூன்றாம் குழிக்கு அருகிலேயே வீடமைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருந்தவர். படைத்தவனே மாற்றியதை மாற்றக்கூடாது என்று பக்தன் சொல்கிறான். இந்தப் பக்தி எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஆண்டுதோறும் தூவிய மணலால் உயர்ந்து, ஆமை முதுகுபோல் வளைந்துவிட்ட ஆடுதளங்களையும் மீட்பாளர் பெரும்பாலும் தொடவில்லை. இது கொஞ்சம் நெருடலானதே. புகழ் அவற்றைக் காத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. திடலின் நீளமோ, 2014ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டிக்கு 7,500 கெசத்தைத் தாண்டிற்று. ராஸ் காலத்துக் கோலும் பந்தும் இன்றில்லை. பந்து பறக்கும் தொலைவு கூடிவிட்டது. பழைய அளவை அப்படியே வைத்தால் பழைய வினா செத்துவிடும்; வினா உயிரோடிருக்க அளவு மாறியாக வேண்டும். ஆகவே, நேர்மையோடு பழமையைக் காக்கப் புகுந்தவனும் புதுமை செய்தே தீர வேண்டியிருக்கிறது.

‘அப்படியானால் பழமை எதற்கு? உடைத்தெறிந்து புதிதாக ஒன்றை அமைத்திருக்கலாமே!’ என்பான் நம் இளைஞன். அவனுடைய வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே அவன் தவறுகிறான். பழையது என்பதாலேயே வணங்குவது மூடத்தனம் எனில், பழையது என்பதாலேயே வெறுப்பது அதன் தம்பி. மணல் திரும்பி வந்தது பாட்டன் சொத்து என்பதாலன்று. அந்நிலத்துக்கு அதுதான் ஒத்தது. குறைந்த நீரைக் குடிப்பது. ஆடுபவன் அறிவுக்கு வேலை தருவது. காரணம் கேட்டால் சொல்ல முடிகிறது, மறுப்பவரும் அதை எடைபோட்டுப் பார்க்க முடிகிறது. 2014இல் தொலைக்காட்சியிலே அப்பழுப்பு நிறத்தைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் பலர். அவர்களுக்குக் காட்டக் கையிலே கணக்கு இருந்தது.

‘முன்னோர் செய்தது’ என்பதன்றி வேறு காரணம் சொல்ல அறியாதவனுக்கும், காரணம் சொல்லிப் பழையதை ஏற்பவனுக்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னவன் நம் நாட்டிலே கருவறை வாயிலிலும் நிற்கிறான், திருமணப் பந்தலிலும் நிற்கிறான். எந்த ஆண்டின் வழக்கம் என்று அவனைக் கேட்டால் சினம் கொள்கிறானேயன்றி ஆண்டு சொல்வதில்லை.

சரி, அந்த வானூர்திப் படங்களுக்குத் திரும்புவோம். அவற்றிலே மணலின் விளிம்பு தெரிகிறது. பாதையின் அகலம் தெரிகிறது. மனிதன் தெரிவதில்லை. 1943ஆம் ஆண்டு வட கரோலினாவோ, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் பள்ளியைப் பிரித்து, பேருந்திலே இருக்கையைப் பிரித்து வைத்த நிறவெறிச் சட்டங்களின் நாடு. சீமானின் கோல்கள் நிறைந்த பையைத் தோளிலே சுமந்து அத்திடலில் நடந்தவர்களுள் பலர் கறுப்பின மக்கள். பைன்ஹர்ஸ்டை ஒட்டியுள்ள டெய்லர்டவுன் அவர்களது ஊர். எந்தக் குழிக்கு எந்தக் கோல், காற்று எப்பக்கம், தளம் எப்பக்கம் சாய்கிறது என்பதை ஆடுபவனைவிடச் சுமப்பவன் நன்கறிவான். அறிந்து என்ன பயன்?

அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ப் ஆட்டக்காரர் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934இல் விதி எழுதிக்கொண்டது. இரண்டே ஆண்டு கழித்து, 1936இல், அச்சங்கத்தின் பெரும்போட்டி நடந்தது ராஸின் இந்த இரண்டாம் எண் திடலிலேதான். மணலும் கம்பிப்புல்லும் எந்தக் காலத்தனவோ அதே காலத்தது அவ்விதியும். ‘அன்றிருந்தது அனைத்தும் தூயது, ஒன்றைக்கூடப் பிரிக்கலாகாது’ என்பவன், மணலோடு அதையும் அள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். வர மாட்டேன் என்றால், பிரித்துப் பார்க்கும் உரிமையை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். பிரிப்பதற்கு அவன் கையிலெடுத்தது நம்முடைய கருவிதான்.

அவ்விதியைத் தானாக மனமிரங்கி எடுத்துவிட்டார்களா? கறுப்பின ஆட்டக்காரர்கள் வழக்காடினார்கள். கலிபோர்னியாவின் அரசு வழக்குரைஞர் தலையிட்டார். இனி இங்கே போட்டி நடத்த இயலாது என்ற நெருக்கடி வந்தது. பிறகே, 1961 நவம்பரில், அந்த வரி அடிக்கப்பட்டது. ராஸ் மறைந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. டெய்லர்டவுனிலிருந்து வந்து பை சுமந்தவர்களிலே எத்தனையோ பேருக்கு அதற்குள் முதுகு வளைந்துவிட்டிருந்தது.