உதவி கேட்பது இழிவா?



பிறரிடம் உதவி கேட்பது இழிவா? மூத்திரப்பையில் புற்றுநோய் கண்டவர் வீட்டில் இக்கேள்வி ஓயாமல் எழுகிறது. மார்வலி என்றால் ஊரறியச் சொல்லுகிறோம். இந்த வியாதியையோ வெட்கத்தினால் மனைவியிடமும் மறைப்பவர் உண்டு. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதே பெரும்பாலும் முதல் அடையாளம். வலிதான் இல்லையே என்று சும்மாயிருந்துவிடுகிறார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு அபாயம் அதிகம். அதைச் சொல்லிக்காட்டுவது நம் வேலையன்று.

இந்நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆகையால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, முதலில் மூன்று மாதத்திற்கொரு முறையாக, வருஷக்கணக்கில் நீளும். சிலருக்கு மூத்திரப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் வழிசெய்து, வெளியே ஒரு பை பொருத்துகிறார்கள். சில மணிக்கொருதரம் அதைக் காலி செய்யவேண்டும். அவர் பந்தியில் உட்காரத் தயங்குவார். பூசையில் வாசலருகே நிற்பார். நடுவில் வெளியே போனால் திரும்பிப் பாராதிருங்கள். கலியாண வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முன்னதாகவே காதோடு சொல்லிவிடுங்கள். இவை சிறிய காரியங்களாகத் தோன்றும், அவருக்குச் சிறியவையல்ல.

நாமோ ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்ததோடு கடமை தீர்ந்ததென்று இருக்கிறோம். அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஓர் ஆள். அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பக்கத்து வீட்டார். எது வேண்டுமென்று கேட்டுச் செய்யுங்கள்.

தாமலிலிருந்து நெடுந்தொலைவு அலையவேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், 1969-ல் புற்றுநோயால் மாண்ட அறிஞர் அண்ணாவின் பெயரில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி உண்டு. அடையாற்றில், தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-ல் தொடங்கிய நிலையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து கவனிக்கிறார்கள். இவை பிச்சையல்ல, நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டுகிற வரியால் நடப்பவை.

நோயுற்றவருக்கும் ஒன்று கேட்பேன். அண்டைவீட்டுக்காரர் படுத்திருந்தபோது அவர் வயலுக்கு நீர் பாய்ச்சினீர்களே, அன்று அவரை இழிவாகவா நினைத்தீர்கள்?

அட்டைக்கு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் வாருங்கள், மனு எழுதித் தருகிறேன். இன்ன வியாதி என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.