விரல் நுனியில் வாக்கு

பேசாதிருப்பதே மௌனம் என்று நினைக்கிறோம். வாய் மூடியிருக்க, கைபேசியில் விரல் ஓயாது பேசும் இக்காலத்தில் அப்பொருள் போதாது. பிறர் எழுதியதை ஒரு தொடுதலில் பலருக்கு அனுப்புவதும் நம் வாக்கே. அதன் வினைப்பயனும் நம்முடையதே.

எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் 2020 நவம்பரில் போர் மூண்டது. 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் உடன்பாடு ஏற்படும்வரை அது நீடித்தது. அந்நாட்களில் சமூக ஊடகங்களில், ஓர் இனத்தார் அனைவரையும் பகைவர் எனப் பழிக்கும் பதிவுகள் பரவின. அவ்வாறு பேஸ்புக்கில் தூற்றப்பட்டபின் கொல்லப்பட்ட ஒருவரின் குடும்பத்தினர், 2022 டிசம்பரில் நைரோபி நீதிமன்றத்தை நாடினர்.

வெறுப்பு எவ்வாறு இத்தனை விரைவில் பரவுகிறது? சினமூட்டும் பதிவுக்கு மறுமொழிகள் குவிகின்றன. மறுமொழி குவிந்ததை இயந்திரம் மேலும் பலருக்குக் காட்டுகிறது. இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை. நம் உள்ளத்தில் இருப்பதையே அது பெருக்குகிறது. வசைக்கு வசை எழுதுபவரும் அத்தீக்கு நெய் வார்ப்பவரே.

மங்கிய ஒளியில் கயிற்றைப் பாம்பெனக் காண்பதை வேதாந்தம் அத்யாசம் என்கிறது. போர்க்காலத்து அச்சம் அத்தகைய மங்கிய ஒளி. அயலார் முகத்தில் பகைவனைக் காட்டுவது அதுவே. கயிற்றைத் தடியால் அடித்தால் பாம்பு மறையாது, விளக்கு வேண்டும். 2021 நவம்பரில் வன்முறையைத் தூண்டுவதாகக் கூறி, எத்தியோப்பியப் பிரதமரின் பதிவொன்றையே பேஸ்புக் நீக்கியது. அது தேவையான தடுப்பு. ஆயினும் நீக்கம் விளக்காகாது. ‘எத்தியோப்பியா செக்’ போன்ற குழுவினர் பரவிய செய்திகளையும் படங்களையும் ஆராய்ந்து உண்மையை வெளியிட்டனர். அதுவே விளக்கேற்றும் பணி.

அப்படியானால் போரில் நிகழும் கொடுமைகளைச் சொல்லாது விடுவதா? இல்லை. உண்மையை மறைப்பது அகிம்சையன்று. ஆனால் கொடுமை செய்தவனைச் சுட்டுவது வேறு. அவன் பிறந்த இனத்தையே குற்றவாளியாக்குவது வேறு. இவ்வேற்றுமையை உணர்வதே விவேகம்.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குகிறது. அங்கு உண்மை மட்டும் போதுமானதாகச் சொல்லப்படவில்லை. பிறர் மனத்தைக் கலக்காமையும், இனிமையும், நன்மையும் அதனுடன் சேர வேண்டும். அன்பர்களே, ஒரு செய்தியை அனுப்புமுன் விரலைச் சற்று நிறுத்துவோம். இது உண்மையா? யாருக்கு நன்மை தரும்? இதில் பழிக்கப்படுபவர் என் எதிரே நின்றால் இதைச் சொல்வேனா? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை காத்திருப்பதே இக்காலத்து மௌனம். அந்த ஒரு கணப் பொறுமையில், எங்கோ முகமறியாத ஒருவரின் உயிர் காக்கப்படலாம்.