பூனைத் தெய்வத்திற்குப் பூனையே காணிக்கை

இல்லாத ஒரு தெய்வத்தை வணங்குவதனால் எவருக்கு என்ன கேடு? மனத்திற்கு ஆறுதல் தருமாயின் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நல்லோர் பலரும் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை காணப் பழைய எகிப்து நாட்டைச் சற்று நோக்குதல் நன்று.

நைல் நதி கடலை அணுகும் சமவெளியில் புபாஸ்டிஸ் என்றொரு நகரம் இருந்தது. அங்குக் கோயில் கொண்டவள் பாஸ்டெட். ஆதியில் பெண்சிங்க முகத்தோடு வடிக்கப்பெற்ற அவள், காலம் செல்லச் செல்லச் சினம் தணிந்து பூனைமுகத்தாள் ஆயினாள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைச் சுற்றிவந்த கிரேக்கராகிய ஹெரடோட்டஸ் அவளுடைய திருவிழாவை விவரித்துள்ளார். ஆணும் பெண்ணும் படகேறிக் குழலூதிப் பாடி வருவர். ஆண்டு முழுதும் அருந்தும் மதுவினும் அவ்விழாவில் அருந்துவது மிகுதி. கூடுவோர் 7 இலட்சம் என்பது அவ்வூரார் சொன்ன கணக்கு. (ஊரார் கணக்கை அப்படியே நம்ப வேண்டுவதில்லை.) வீட்டுப் பூனை இறப்பின் வீட்டார் அனைவரும் புருவம் மழித்துத் துக்கம் காப்பர் என்றும் அவர் எழுதினார். கி.மு. முதல் நூற்றாண்டில் அங்குச் சென்ற டயடோரஸ், தவறுதலாகப் பூனையொன்றைக் கொன்ற உரோமானியனை மக்கள் கூடிக் கொன்றதைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறுகிறார். அரசன் அனுப்பிய அதிகாரிகளாலும் அவனைக் காக்க இயலவில்லை.

இத்துணை அன்பு காட்டிய அதே நாட்டில், பதனிட்டுத் துணி சுற்றிய பூனைகள் இலட்சக்கணக்கில் காணிக்கையாகப் புதைக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பல ஓராண்டும் நிரம்பாத குட்டிகள் என்பதும், கழுத்து முறிக்கப்பட்டவை என்பதும் புலனாயின. காணிக்கைக்கென்றே வளர்த்து, காணிக்கைக்கென்றே கொன்றனர் என ஆய்வாளர் கருதுகின்றனர். தெருவில் தவறுதலாகக் கொன்றவனுக்குச் சாவு. கோயிலருகே கழுத்தை முறித்தவனுக்குக் கூலி!

வாங்கிப் படைத்த யாத்திரிகனைக் குற்றவாளி என்பதா? அவன் கொல்லவில்லை. கொல்லக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்றே கொள்வோம். ஆனால் ஐயம்? நாள்தோறும் இத்தனை பூனைகள், அதுவும் குட்டிகள், இறந்து கிடைப்பது எங்ஙனம் என்று ஒருமுறையேனும் எண்ணியிருக்கலாகாதா? எண்ணவொட்டாமல் தடுத்தது அவனுடைய பக்தியே என்பது நம் கருத்து. கோபத்தாற் கொல்பவனைப் பின்னர் நெஞ்சேனும் உறுத்தும். புண்ணியம் என்று நம்பியவனுக்கு அவ்வுறுத்தலும் இல்லை. தெய்வம் கற்பனை, குட்டியோ உயிர். கற்பனையானவளிடம் சென்று, ‘அம்மையே, இது உனக்கு வேண்டுமா?’ என்று கேட்டறிய வழியில்லை. அவளுக்காகப் பேசியவர் அதை விற்றவரே.

1890ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,80,000 பூனை உடல்களைக் கப்பலேற்றி லிவர்பூலுக்குக் கொண்டுபோய் வயலுக்கு உரமாக ஏலம் விட்டனர்.

இன்னுமொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 800க்கும் மேற்பட்ட விலங்குப் பொதிகளை ஊடுருவி நோக்கிக் கண்டதை 2015இல் வெளியிட்டனர். மூன்றில் ஒரு பங்குப் பொதிகளில் விலங்கின் உடலே இல்லை. சேறும் நாணலும் குச்சியுமே இருந்தன. வஞ்சகம் என்பாரும், அக்காலத்தார் அறிந்தே ஏற்ற வழக்கம் என்பாரும் உளர். வஞ்சகமாகவே இருக்கட்டும். உள்ளபடி விற்றவன் ஒரு குட்டியைக் கொன்றான்; ஏமாற்றியவன் ஒன்றையும் கொல்லவில்லை. வாங்கிய இருவரும் ஒரே மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பர். பொய்யைப் பொய்யென்றே சொல்லுவோம். ஆயினும் சேற்றுப் பொதியைப் படைத்தவன் அதனால் இழந்தது யாது என்று எவரேனும் கேட்பின், விடை கூற நாம் தயங்கவே செய்கிறோம்.