விருந்தும் விரதமும்

திருமண வீடுகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். உண்டு முடித்த ஒருவர் இலையின்மீது கையை விரித்து மறைக்கிறார். பரிமாறுபவரோ ‘ஒன்றே ஒன்று’ என்று கூறி, அந்தக் கையை விலக்கி இனிப்பை வைத்துவிட்டு நகர்கிறார். மொழியும் பலகாரமும் மாறலாம். காட்சி நாடெங்கும் ஒன்றுதான். ராஜஸ்தானில் இதற்கு ‘மனுஹார்’ என்று தனிப் பெயரே உண்டு. விருந்தளிப்பவர் தம் கையாலேயே விருந்தினரின் வாயில் இனிப்பை ஊட்டுவது அங்கே உபசாரத்தின் உச்சம். குஜராத்தில் இதனை ‘ஆக்ரஹம்’ என்பர். வங்காளத்தில் ஜாமாய் சஷ்டி நாளன்று மருமகனைச் சுற்றிக் கிண்ணங்கள் அணிவகுத்து நிற்கும். அவற்றுள் ஒன்றைத் தொடாமல் எழுந்தாலும் மாமியாரின் முகம் வாடிவிடும்.

கையை விரித்து மறைத்தவர் நீரிழிவு நோயாளியாக இருந்தால்? இது அரிதான நிலை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது, மேலும் 13.6 கோடி பேர் அதன் முன்நிலையில் உள்ளனர். பெரிய பந்தி எதுவாயினும் அதில் இத்தகையோர் சிலராவது அமர்ந்திருப்பர். அவர்கள் முன் வைக்கப்படும் ஒவ்வோர் இனிப்பும் ஒரு கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது: அன்பை மதிப்பதா, உடலைக் காப்பதா?

இதனை மருத்துவர் தீர்க்க வேண்டிய கேள்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவர் கூறிவிடுவார். அன்போடு நீட்டப்படும் கையை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை அவரால் கூற இயலாது. அது தர்மத்தைச் சார்ந்த கேள்வி. மேலும் இங்கே எதிரெதிரே நிற்பவை நன்மையும் தீமையும் அல்ல, இரண்டு கடமைகள். இல்லம் தேடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாமலிருப்பதை தைத்திரீய உபநிஷதம் ஒரு விரதமாகவே விதிக்கிறது. உணவை இகழாமலிருப்பதும் அதே உபநிஷதம் விதிக்கும் மற்றொரு விரதம். மறுபுறம், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அவ்விடத்திற்கு உரை எழுதும் ஸ்ரீசங்கரர், தனக்கு ஏற்ற அளவான உணவே ஒருவனைக் காக்கும், மிகுந்தால் கெடுக்கும், குறைந்தால் காக்காது என்ற வேத வாக்கை எடுத்துக்காட்டுகிறார். வயிற்றில் பாதியை உணவுக்கும் கால் பங்கை நீருக்கும் ஒதுக்கி, எஞ்சிய கால் பங்கைக் காற்று உலவ விட்டுவிட வேண்டும் என்ற யோக நூலின் கணக்கையும் தருகிறார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் அமைத்த திருவள்ளுவரே மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றிப் பேசுகிறார். இரண்டில் ஒன்றைக் கைவிட அவரும் இடம் தரவில்லை.

நடைமுறையில் பலர் ஒன்றைக் கைவிட்டே விடுகின்றனர். பெரும்பாலோர் கைவிடுவது உடலை. ‘இன்று ஒரு நாள்தானே’ என்ற வாதம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. கிரேக்கத் தத்துவ அறிஞர்களிடையே வழங்கிய ஒரு பழம்புதிர் இங்கே நினைவுகூரத் தக்கது. தானியக் குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்தத் தனி மணியும் குவியலை அழிப்பதில்லை. ஆயினும் எடுத்துக்கொண்டே சென்றால் ஒரு கட்டத்தில் குவியலே இராது. உடல்நலமும் அத்தகையதே. தனியாக ஒரு லட்டு எவருடைய சிறுநீரகத்தையும் கெடுத்ததில்லை. ஆனால் திருமணம், சீமந்தம், புதுமனை புகுவிழா, தீபாவளி, துர்கா பூஜை, பதவி உயர்வு பெற்ற நண்பர் வழங்கும் இனிப்பு என்று ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், விலக்குகள் விதியைவிடப் பெருகியிருக்கும். அத்துடன் ‘அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று உண்டேன்’ என்னும் கூற்றில் பிறர்மீதுள்ள பரிவு எவ்வளவு, நாவின் ஆசை எவ்வளவு என்பது உண்டவருக்கு மட்டுமே தெரியும். நாக்கு தனக்காக வாதாடும்போது பெரும்பாலும் அன்பின் பெயரில்தான் வாதாடுகிறது.

இவ்வாறு இணங்குபவர் தம் உடலை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணுகிறார். அதுவும் உண்மையன்று. காலில் வந்த புண் ஆறாமல் அவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, ‘ஒன்றே ஒன்று’ என்று வைத்தவர் அருகில் இருப்பதில்லை. மனைவியோ மகளோதான் இரவெல்லாம் கண்விழித்து அமர்ந்திருக்கிறார். எங்கோ ஒரு பந்தியில் ஒருவரை மகிழ்விக்கச் செலவிடப்பட்டது இவர்களுடைய உறக்கம்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக விருந்தையே கைவிடுகின்றனர். அழைப்பு வந்தால் காரணம் தேடுகின்றனர். தவிர்க்க இயலாமல் சென்றாலும் தனி டப்பாவைத் திறந்து அமர்கின்றனர். அருகிலிருப்பவர் பாயசம் அருந்தும்போது ‘அது விஷம்’ என்று உபதேசிப்பவரும் உண்டு. (இத்தகையவர் ஒருவர் அமர்ந்தால் அந்த வரிசையில் எவருக்கும் உணவு செரிப்பதில்லை.) உணவை இகழாதே என்ற உபநிஷத விரதம் இங்கே முறிந்துபோகிறது. புறத்தே உணவை விலக்கியவனிடமிருந்து புலப்பொருள்கள் அகன்றாலும் சுவையுணர்வு அகல்வதில்லை என்று கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கூறுகிறது. பிறர் இலையை ஓயாமல் கவனித்துக் குறைகூறும் கட்டுப்பாட்டில் அந்தச் சுவையுணர்வுதான் வேறு வேடத்தில் இருக்கிறது.

பத்தியம் பிறருக்கு எவ்வளவு பெரிய சுமையாகலாம் என்பதற்கு மகாத்மா காந்தியின் சுயசரிதையிலேயே சான்று உள்ளது. 1915-இல் அவர் கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் இல்லத்தில் தங்கியிருந்தார். அப்போது அவர் பழங்களையும் கொட்டைகளையும் மட்டுமே உண்டுவந்தார். எளிய உணவு என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் நகரில் கிடைத்த பழவகைகளும் பருப்பு வகைகளும் எல்லாம் அவருக்காக வரவழைக்கப்பட்டன. அவ்வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து பருப்புகளின் தோலை உரித்தனர். அவ்வாண்டு ஹரித்துவாரில் நடந்த கும்பமேளாவின்போது காந்திஜி ஒரு விரதம் பூண்டார்: 24 மணி நேரத்தில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை. பிறருக்குத் தாம் கொடுத்துவந்த தொல்லையைக் குறைப்பதும் அந்த விரதத்திற்கு ஒரு காரணம் என்பதை அவரே பதிவு செய்துள்ளார். பின்னாளில் அது தம்மைப் பல நோய்களிலிருந்து காத்ததாகவும் அவர் கருதினார். எந்த வீட்டிற்குச் சென்றாலும் விருந்தளிப்பவருக்கு எளிதாக அமையக்கூடியதொரு கட்டுப்பாட்டை அவர் தேர்ந்துகொண்டதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அன்பும் உடல்நலமும் உண்மையிலேயே எதிரிகள்தாமா? இதற்கு விடை கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு சொற்றொடரில் பொதிந்துள்ளது. சாத்துவிக உணவு எவற்றை வளர்க்கும் என்று பட்டியலிடும்போது ஆயுள், சத்துவம், வலிமை, ஆரோக்கியம், சுகம், பிரீதி ஆகிய ஆறையும் அது ஒரே தொகைச் சொல்லில் கோத்துத் தருகிறது. ஆரோக்கியமும் பிரீதியும் அங்கே எதிரெதிராக நிற்கவில்லை, அருகருகே நிற்கின்றன. உடலை வளர்த்து மகிழ்ச்சியைக் கொல்லும் உணவும், மகிழ்ச்சி தந்து உடலைக் கொல்லும் உணவும் அந்தப் பட்டியலுக்குள் முழுமையாக வருவதில்லை.

குழப்பம் எங்கே நேர்கிறது என்றால், நாவின் சுவையையும் மனிதர்களுக்கிடையே பாயும் பிரீதியையும் ஒன்றெனக் கொள்ளும்போதுதான். விருந்தில் உண்மையாக நிகழ்வது என்ன? நெடுநாள் காணாத உறவினர் அருகில் அமர்கின்றனர்; மறைந்தவர்களைப் பற்றிய பேச்சு எழுகிறது; மணமக்களைப் பெரியோர் வாழ்த்துகின்றனர். உணவு இவற்றையெல்லாம் தாங்கிவரும் பாத்திரம். அதன் அளவு கூடினால் அன்பும் கூடும் என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. பூரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தை உலர்த்திய ‘நிர்மால்ய’மாக இல்லத்தில் வைத்திருந்து, அதில் ஒரு பருக்கையை மட்டும் வாயிலிடும் வழக்கம் ஒடிசாவில் உண்டு. அந்தப் பருக்கையில் அருள் குறைந்துவிட்டது என்று எந்த பக்தரும் கருதுவதில்லை. இறைவனின் அன்பை ஒரு பருக்கையில் முழுமையாகப் பெற இயலுமெனில், மாமியாரின் அன்பை அரைத்துண்டு சந்தேஷில் பெற இயலாதா?

சாந்தோக்கிய உபநிஷதம் ஆகாரத் தூய்மையைப் பற்றிக் கூறுமிடத்தில், ‘ஆகாரம்’ என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவேறு பொருள் கண்டனர். ஸ்ரீராமானுஜ மரபு அதனை உண்ணும் உணவாகவே கொண்டு, அதன் குற்றங்களை ஆராய்ந்தது. ஸ்ரீசங்கரரோ புலன்களின் வழியே உள்ளே வருவன யாவும் ஆகாரமே என்றார்; அவை விருப்பும் வெறுப்பும் மயக்கமும் கலவாமல் வருவதே தூய்மை. இரண்டும் வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தரின் கருத்து. பந்தியில் இரண்டும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன. வேகவைத்த காயை மட்டும் உண்டு, மனத்தில் எரிச்சலை நிரப்பிக்கொண்டு எழுபவர் நல்ல ஆகாரம் உட்கொண்டவர் ஆகமாட்டார்.

தாம் உண்ணாமலேயே விருந்தில் முழுமையாகக் கலந்துகொள்ள இயலும் என்பதற்கு சுவாமி விவேகானந்தரின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. உணவை விரும்பியவர் அவர். தாமே சமைத்துப் பிறருக்கு வழங்குவதில் பெரும் ஆர்வமுடையவர். நீரிழிவு உள்ளிட்ட நோய்கள் அவரை இளவயதிலேயே வாட்டின. 1902 ஜூலை 2 அன்று சகோதரி நிவேதிதை அவரைக் காண பேலூர் மடத்திற்கு வந்தார். அன்று ஏகாதசி; சுவாமிஜி உபவாசம் இருந்தார். ஆயினும் சிஷ்யைக்குத் தாமே பரிமாறுவதில் பிடிவாதமாக இருந்தார். வேகவைத்த பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு, வெறும் சோறு, குளிர்ந்த பால் – அவ்வளவுதான் உணவு. ஒவ்வொன்றையும் பற்றி வேடிக்கையாகப் பேசியபடியே பரிமாறினார். உண்டு முடித்ததும் நிவேதிதையின் கைகளுக்கு நீர் வார்த்து, துண்டால் துடைத்தும்விட்டார். இரு நாள்களுக்குப் பின் அவர் மகாசமாதி அடைந்தார். அந்த உணவில் மனுஹார் இல்லை, ஆக்ரஹம் இல்லை, விருந்தளித்தவர் ஒரு கவளமும் உண்ணவில்லை. நிவேதிதை அதைத் தம் நூலில் பொன்னெனப் பாதுகாத்து எழுதிவைத்தார்.

எல்லோருக்கும் இத்தகைய மனநிலை வாய்ப்பது கடினம். கூட்டமாக உண்ணும்போது மனிதர் தனியே உண்பதைவிட அதிகமாக உண்கின்றனர் என்பதை உளவியல் ஆய்வுகளும் காட்டியுள்ளன. பேச்சு நீள நீளக் கையும் தன்னையறியாமல் நீள்கிறது. ஆகவே தனிமனிதனின் மனவலிமை மட்டும் போதாது, துணையும் வேண்டும். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பசேனதியைப் பற்றிய கதை உள்ளது. அவன் ஒரு துரோண அளவுச் சோற்றை உண்டுவிட்டு மூச்சு வாங்கியபடி புத்தர் முன் வந்து அமர்ந்தான். அளவறிந்து உண்பவனுக்கு வேதனை குறையும், முதுமை மெல்ல வரும் என்ற கருத்தில் புத்தர் ஒரு செய்யுள் கூறினார். அருகில் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனிடம் மன்னன், தான் உண்ணும்போதெல்லாம் அந்தச் செய்யுளை ஓதுமாறு கேட்டுக்கொண்டான். அதற்காக நாள்தோறும் 100 காசுகள் வழங்க ஏற்பாடு செய்தான். படிப்படியாக அவன் உணவு ஒரு நாழி அளவுக்கு வந்தது. மன்னன் பந்தியை விட்டு ஓடவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் துறக்கவும் இல்லை. தன்னை நினைவூட்ட ஒருவரைத் தன் அருகில் நிறுத்திக்கொண்டான். இன்று அந்த இடத்தில் மனைவியோ, கணவரோ, நண்பரோ இருக்கலாம். காசு கேட்கமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

மருத்துவர்கள் கூறும் சில எளிய முறைகளும் இதற்கு உதவுகின்றன. விருந்துக்குச் செல்வதால் காலை உணவை விட்டுவிடுவது பிழை. கடும்பசி அளவை மறக்கச் செய்யும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். காய்களையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றையும் இனிப்பையும் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பதும் நல்லது. விருந்து வீட்டில் கூடப் பேசியபடியே நடக்க ஒரு துணை கிடைக்காமற்போகாது. இனிப்பில் சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை விரைவாக விழுங்காமல் சுவைத்து, செய்தவரைப் பாராட்டுவது எந்த மருத்துவ விதிக்கும் புறம்பானது அன்று. மறுக்க நேரும்போது நோயின் வரலாற்றை விரிவாகக் கூறவும் தேவையில்லை. ‘நிறைவாக உண்டேன்’ என்ற இரு சொற்கள் பெரும்பாலான இடங்களில் போதும்.

விருந்தளிப்பவரின் கடமை இதைவிடப் பெரிது. இதுவரை அதனைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டு வந்துள்ளது. மறைத்த கையை விலக்கி வைக்கப்படும் இனிப்பில் விருந்தினரின் நலனைவிட, ‘எங்கள் வீட்டில் குறைவைக்கவில்லை’ என்ற பெருமையே மிகுந்திருக்கிறது. ஒருமுறை கேட்பது உபசாரம். இரண்டாம் முறை கேட்பது அன்பாக இருக்கலாம். மூன்றாம் முறை கேட்பதில் எதிரில் இருப்பவர் மறைந்து, கேட்பவரின் ‘நான்’ மட்டுமே எஞ்சுகிறது. சீக்கியர்களின் லங்கரில் வரிசையாகத் தரையில் அமர்ந்திருப்போரிடையே சேவகர்கள் ரொட்டியைக் கொண்டுவருவர். வேண்டியவர் இரு கைகளையும் ஏந்திப் பெற்றுக்கொள்கிறார். வேண்டாதவர் கைகூப்புகிறார், சேவகர் அடுத்தவரிடம் சென்றுவிடுகிறார்.