அணைக்கும் கையில் பிரம்பு

ஏழாண்டு தண்டனை முடிந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் தவறாமல் மனு போட்டு அவளைப் பார்க்க வந்த கணவன், நடுவில் வராமலே இருந்துவிட்டு, கடைசியில் மறுபடி வரத் தொடங்கினான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "வெளிய வந்ததும் நேரா வீட்டுக்கு வந்துடு" என்றான். வந்துவிட்டாள். கதவு திறந்தே கிடக்கிறது. ஆனாலும் யாராவது உள்ளே போகச் சொல்லட்டும் என்று வாசற்படியிலேயே நிற்கிறாள். ஏழு வருடமாக ஒரு கதவையும் அவளாகத் திறந்ததில்லை. பொழுது சாய்ந்தால் கை பாயைத் தேடுகிறது. அது லாக்கப் நேரம்.

கணவனுக்கு அவள்மேல் ஆசை விட்டுப்போகவில்லை. கோபமும் விட்டுப்போகவில்லை. ஊர்ப்பேச்சைத் தனியாளாகக் கேட்டவன் அவன். "அம்மா எங்கே?" என்ற பிள்ளைக்குப் பதில் சொன்னவனும் அவன்தான். இப்போது ஒரு நிபந்தனை வைக்கிறான்: "இனிமே நான் சொல்றபடிதான் நடக்கணும். மீறினா அடிப்பேன். உன் நல்லதுக்குத்தான்." அவள் தலையாட்டுகிறாள். "அடிங்க, ஆனா விட்டுடாதீங்க."

இந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இருவரும் வயதுவந்தவர்கள். நான்கு சுவருக்குள் தங்களுக்குப் பிடித்தபடி வாழ்வது அவர்கள் பாடு. அவளுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கலாம். மணியடித்து எழுந்து, மணியடித்துச் சாப்பிட்டுப் பழகியவளுக்குத் திடீரென்று கிடைக்கும் வெட்டவெளி பயமாகத்தான் இருக்கும். குற்ற உணர்ச்சி வேறு. அடிபட்டால் கணக்குத் தீர்ந்தது என்று மனம் ஆறுதல் தேடுகிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த சமூகம் இது. முரட்டு நாயகன் அறைந்துவிட்டுப் பிறகு உருகும் காதல் கதைகளை விரும்பி வாசிப்பதும் இதே சமூகம்தான்.

ஆனால், வேறு போக்கிடம் இருப்பவர் தரும் சம்மதத்துக்குத்தான் மதிப்பு. இவள் கையில் காசில்லை, தாய்வீட்டுக் கதவு மூடிக்கிடக்கிறது, ஜெயிலுக்குப் போய் வந்தவள் என்று தெரிந்தால் வேலை தருபவர் இல்லை, பிள்ளை இந்த வீட்டில் இருக்கிறது. அவள் தலையாட்டியது அடிக்கு அல்ல; கூரைக்கும் பிள்ளைக்கும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. "இன்றோடு இந்த ஏற்பாடு வேண்டாம்" என்று அவள் சொன்ன இரவில், அவளுக்குத் தட்டில் சோறு விழுமா? பிள்ளை பக்கத்தில் படுக்குமா? விழாது, படுக்காது என்றால் அவள் முன்பு சொன்ன சரிக்கும் பொருளில்லை.

சிறையின் சொந்த வரலாற்றையே பார்க்கலாம். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், ஆண் கைதிக்கு முப்பது பிரம்படிவரை கொடுக்க இடம் வைத்திருந்தது. பிரம்பு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், உடம்பில் எங்கே விழ வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார்கள். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடக் கண்டிப்பைப் போல, மெல்லிய பிரம்பால். அந்தச் சட்டத்துக்கும் அது அக்கறைதான்! 1955-இல் நீதிமன்றத் தண்டனைகளிலிருந்து கசையடி நீக்கப்பட்டது. திகார் சிறையில் வார்டர் ஒருவர் தன் சக கைதியைச் சித்திரவதை செய்ததாக அங்கிருந்த கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. கைதியானாலும் மனிதன் மனிதன்தான் என்று வற்புறுத்தியது. கொலைக் குற்றவாளி என்றாலும் அரசு கைநீட்டக் கூடாத உடம்பு அது. அந்த உடம்பு வீட்டுக்குள் வந்ததும் கணவனின் கைக்கு உரியதாகிவிடுமா?

சட்டம் இல்லை என்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, சொல்லால் நோகடிப்பதையும் காசைப் பிடித்துவைப்பதையும்கூட வன்முறை என்கிறது. குடும்பம் நடத்திய வீட்டில் அவள் தங்கும் உரிமையையும் காக்கிறது. மனங்கள்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது முதலிய ஏழு காரணங்களில் ஒன்றுக்காவது கணவன் அடிப்பது நியாயம் என்று 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள். "அடிங்க" என்ற அந்தச் சொல் அவளுடைய தனிச்சொல் இல்லை. சிறைக்குப் போவதற்கு முன்பே அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அது.

கணவனின் காயத்தை இதனால் ஒதுக்கிவிடக் கூடாது. அவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. நம்பிக்கை திரும்ப நாளாகும் என்று சொல்லவும், முடியவில்லை என்றால் முறைப்படி பிரியவும் உரிமை உண்டு. உண்மையைக் கேட்கலாம், வீட்டுச் செலவுக்குக் கணக்குக் கேட்கலாம், தன் கணக்கையும் அவள் முன் வைப்பானானால். அவள் எங்கே போகிறாள் என்று கேட்கலாம், தான் போகுமிடத்தையும் சொல்வானானால். இருவருக்கும் பொருந்தும் கட்டுப்பாட்டில் இழிவு எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் வகுத்து, மற்றவர் மட்டும் மீறி, அந்த மற்றவர் மட்டும் அடிபட்டால், அவள் இருப்பது சிறையின் இன்னொரு பிளாக்கில்.

அவள் சொல்லும் சரிக்குப் பொருள் வர இவை வேண்டும்: அவள் பெயரில் ஒரு பாஸ்புக், அவள் கையில் அவள் போன், வீட்டுச் சாவி இன்னொன்று. இவ்வளவும் அவன் கொடுத்த பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து வரும் வழியில் பேருந்து நிலையத்தில் அவள் நிற்கிறாள். தாய்வீட்டு ஊருக்கும் பேருந்து இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது. வீட்டில் அவன் உலை வைத்துவிட்டு, இரண்டு பேருக்குப் போடுவதா மூன்று பேருக்கா என்று தெரியாமல், அரிசிப்படியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.